தம்பானூர்ச் சாலையில் எழுத்தும் தொழிலும்: திருவிதாங்கூர்த் தொழிற்கல்வி வரலாற்றில் 1937-38

வளரும் நாடுகளின் தொழிற்கல்வி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடத்திட்டம், கருவிகள், வேலைவாய்ப்பு எண்ணிக்கை ஆகியவற்றையே பேசுவர். அக்கல்வி யாருக்கு விதிக்கப்பட்டது, யாரால் விரும்பப்பட்டது என்னும் வினா அத்தகைய எழுத்துகளில் அருகியே காணப்படுகிறது. இவ்வினாவுக்கு விடை தேடுவதற்குத் திருவிதாங்கூர் நல்லதொரு களமாகும். அங்கு எழுத்தறிவு இந்தியாவின் பிற பகுதிகளைவிட விரைந்து பரவியது; படித்தோர் வேலையின்மையும் அவ்வாறே முந்திக்கொண்டு தோன்றியது. கைத்தொழில் கற்பிக்கும் முயற்சிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே நடைபெற்றன. இவ்வரலாற்றின் இழைகள் பல திருவனந்தபுரத்துத் தம்பானூரில் வந்து கூடுகின்றன. 1937 சனவரி முதல் 1938 பிப்ரவரி வரையிலான பதினான்கு மாதங்களை நடுவாகக் கொண்டு அவ்விழைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துப் பள்ளியும் கலைப் பள்ளியும்

நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரைச் சுவாதித் திருநாள் மன்னரின் அரசு 1834இல் திருவனந்தபுரத்துக்கு வரவழைத்தது. அவர் தொடங்கிய பள்ளியை 1836இல் அரசே ஏற்று, கட்டணமின்றிக் கற்பிக்கும் மன்னர் பள்ளியாக நடத்தியது. 1866இல் அது கல்லூரியாக வளர்ந்தது. தம்பானூரை ஒட்டி இன்று விளங்கும் ஸ்ரீமூலவிலாசம் அரசு மாதிரி மேனிலைப்பள்ளி தன் தோற்றத்தை அந்த 1834ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. தலைநகரின் ஆங்கிலக் கல்விக்கு வித்து தமிழ் வழங்கும் தென்திருவிதாங்கூரிலிருந்து சென்றது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இப்பள்ளி உருவாக்கிய மாணவருக்குரிய வேலை அரசு அலுவலகத்தில் காத்திருந்தது. டி. மாதவராவ் திவானாக இருந்த 1857-72 காலத்தில் அரசின் துறைகள் பெருகின; கணக்கெழுதவும் ஆவணம் வரையவும் ஆள் வேண்டியிருந்தது. இவ்வகையில் நோக்கினால், திருவிதாங்கூரில் முழு வெற்றி பெற்ற முதல் தொழிற்கல்வி ஆங்கில எழுத்துக் கல்வியே எனலாம். குமாஸ்தா வேலையும் ஒரு தொழில்தான். அதனைத் தொழில் என்று அழைக்காததால் அதற்கு மதிப்பு கூடியது.

கைத்தொழிலுக்கெனத் தனிப்பள்ளி எழுந்தது பின்னரே. விசாகம் திருநாள் ஆட்சியில், 1881இல், மகாராசாவின் கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. தந்தவேலையும் மட்கல வேலையும் அங்குக் கற்பிக்கப்பட்டன. திருவிதாங்கூர்த் தந்தவேலையின் புகழ் அதற்கு முன்னரே கடல் கடந்திருந்தது. விக்டோரியா அரசிக்கு அனுப்பப்பட்ட தந்த அரியணை 1851ஆம் ஆண்டு இலண்டன் பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. இத்தொழிலுக்கு அரண்மனையும் பொருட்காட்சியுமே பெரிய ஆதரவாளர்கள். கையின் நுட்பத்தைப் பள்ளி வளர்த்தது. அந்நுட்பத்தை விலைகொடுத்து வாங்குவோரின் எண்ணிக்கையை அதனால் வளர்க்க இயலவில்லை. இந்திய யானைத் தந்த வணிகம் 1986இலும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991இலும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. 1881இல் உளி பிடிக்கக் கற்பித்தவர் எவரும் மூலப்பொருளே ஒரு நூற்றாண்டில் குற்றப்பொருளாகும் என எண்ணியிருக்க முடியாது. எதிர்காலத்திற்கான தொழில் எது என முன்கூட்டியே வரையறுப்போர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது. பள்ளியோ 1975இல் நுண்கலைக் கல்லூரியாக உருமாறி நிலைபெற்றது.

ரேந்தை

தென்திருவிதாங்கூரில் இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1820இல் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் நிறுவினார். திருவிதாங்கூரின் முதல் அச்சுக்கூடம் அதுவே. எழுத்துக்கோப்பதும் அச்சடிப்பதும் உள்ளூர் இளைஞர் கற்ற புதுத்தொழில்களாயின. எழுத்துக்கோக்க எழுத்தறிவு வேண்டும். எழுத்தையும் தொழிலையும் பிரிக்கமுடியாத வேலை இது. மீட் பிற்காலத்தில் மிஷனை விட்டு நீங்கி, திருவிதாங்கூர் அரசின் கல்விப்பணியில் அமர்ந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார்.

இதே காலத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். குமரி மாவட்ட மக்கள் இதனை ரேந்தை என்பர். இது போர்த்துக்கேய மொழிவழி வந்த சொல். தொழிலைக் கொணர்ந்தவர் ஆங்கிலேயப் பெண்மணி. அதற்கு மக்கள் இட்ட பெயரோ அவருக்கும் முன்பு கடற்கரைக்கு வந்தோரின் மொழிக்குரியது. தொழிற்சொற்களின் வரலாறு தொழிலின் வரலாற்றைவிட நீண்டதாக இருப்பதற்கு இச்சொல் ஒரு சான்று.

ரேந்தைப் பின்னலைத் தொழிற்கல்வி வரலாற்றில் தனித்து நோக்கவேண்டிய காரணம் வேறு. அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. 1855ஆம் ஆண்டு அரசாணைதான் அதனை முற்றிலும் ஒழித்தது. அதற்குமுன், பள்ளியில் பயின்ற அடிமைச் சிறுமியர் சிலர் ரேந்தை விற்ற பணத்தைக்கொண்டு தம் விடுதலைத் தொகையைச் செலுத்தினர் என மிஷன் வரலாறு கூறுகிறது. அச்சிறுமியருக்கு ஊசி ஒரு வருவாய்க் கருவியாக மட்டும் இருக்கவில்லை. அவர்தம் பிறப்பு அவர்களுக்கு விதித்த வேலை ரேந்தை அன்று. வயலில் சேற்றுவேலையே விதிக்கப்பட்டது. விதிக்கப்பட்ட தொழிலிலிருந்து வெளியேறுவதற்கு மற்றொரு தொழில் வழியாயிற்று. பள்ளியில் அவர்கள் எழுத்தும் கற்றனர் என்பதை இங்குச் சேர்த்தே எண்ணவேண்டும்.

வயலும் பள்ளியும்

அரசு வேலையை நோக்கிய எழுத்துக்கல்வி சாதியின் வாயிலில் நின்றுவிட்டது. சென்னையில் மருத்துவம் பயின்ற ஈழவரான பல்ப்பு தம் நாட்டில் வேலை பெற இயலாமல் மைசூர் அரசில் பணியாற்ற நேர்ந்தது. அவர் முன்னின்று 1896இல் அளித்த ஈழவர் விண்ணப்பம் பள்ளி நுழைவையும் அரசுப்பணியையும் கோரியது. 1903இல் தோன்றிய ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் 1905இல் கொல்லத்தில் தொழிற்பொருட்காட்சி ஒன்றை நடத்தியது. அரசு வேலையின் வாயிலைத் தட்டிக்கொண்டே தொழில் வளர்ச்சிக்கும் முயன்ற அவ்வியக்கத்தின் அணுகுமுறை நுட்பமானது. ஒன்றுக்காக மற்றொன்றை அது விட்டுக்கொடுக்கவில்லை.

புலையர் நிலை இதனினும் கடுமையானது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி, 1893இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றார். சாலையில் வண்டி ஓட்டுவதே உரிமைப் போராட்டமாக இருந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைத்து அவர் வயல்வேலை நிறுத்தத்தை நடத்தினார். 1914இல் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது எதிர்ப்பு கிளம்பிப் பள்ளியே எரிக்கப்பட்டது.

இவ்வேலைநிறுத்தம் தொழிற்கல்வி ஆய்வாளர் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்று. உழவு, நாற்று நடவு, மடை திருப்பல், அறுவடை ஆகியவற்றில் அம்மக்களைவிடத் திறன்மிக்கோர் திருவிதாங்கூரில் இல்லை. திறன் இருந்தும் கூலியோ மதிப்போ கிட்டவில்லை. வேறொரு கைத்தொழில் கற்பிக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. எழுத்துக் கற்பிக்கும்படி கேட்டனர். தம்மிடம் ஏற்கனவே இருந்த தொழிலறிவையே அதற்கான ஆயுதமாகவும் பயன்படுத்தினர். திறன்குறையே வறுமைக்குக் காரணம் என்னும் இக்காலக் கருத்து இவ்வயல்களில் பொருந்தவில்லை.

1937

1937 சனவரியில் காந்தியடிகள் திருவிதாங்கூர் வந்தார். முந்தைய ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலய நுழைவு அறிவிப்பை ஒட்டிய பயணம் அது. வெங்ஙானூரில் அய்யங்காளியைச் சந்தித்த அவர், தங்களுக்கு வேண்டியது யாது என வினவியதாகவும், தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டபின் கண்மூட விரும்புவதாக அய்யங்காளி விடையளித்ததாகவும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

அதே ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தியடிகளின் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. கைத்தொழிலை நடுவாகக் கொண்டு ஏழாண்டுத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் ஆதாரக்கல்விக் கருத்து அங்கு ஏற்கப்பட்டது. சாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. ஏட்டுக்கல்வி மக்களை உழைப்பிலிருந்து அயன்மைப்படுத்துகிறது என்பது காந்தியடிகளின் உறுதியான எண்ணம்.

ஒன்பது மாத இடைவெளியில் நிற்கும் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துக் காணும் வழக்கம் கல்வி வரலாற்று நூல்களில் மிகுதியாக இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்த ஒருவர் பட்டம் கேட்டார். பட்டம் பெற்று வழக்கறிஞராக இருந்த மற்றொருவர் இராட்டையைப் பரிந்துரைத்தார். இருவரும் தத்தம் இடத்திலிருந்து நேர்மையாகவே பேசினர். உழைப்பை இழிவாகக் கருதும் படித்த கூட்டத்தாருக்குக் காந்தியடிகளின் மருந்து பொருத்தமானது. எழுத்தே மறுக்கப்பட்டவருக்கு அதனையே முதல் மருந்தாக அளிப்பது பொருந்துமா என்பதே வெங்ஙானூரிலிருந்து எழும் வினா. ஆதாரக்கல்வியில் எழுத்தும் உண்டு. அதனைக் கைத்தொழில் மட்டும் கற்பிக்கும் திட்டமாகச் சுருக்குவது தவறு. எனினும் உயர்கல்விப் பட்டம் என்னும் ஏணியைப் பற்றி அத்திட்டம் பேசிய குரலும் அய்யங்காளி பேசிய குரலும் வேறானவை.

திருவிதாங்கூர் அரசின் கவலையோ மூன்றாவது வகைப்பட்டது. படித்தோர் வேலையின்மையை ஆராய அங்கு 1928இல் குழு அமைக்கப்பட்டிருந்தது. ஆர். எம். ஸ்டாதம் தலைமையிலான கல்விச் சீர்திருத்தக் குழு 1932-33இல் பணியாற்றியது. 1937 நவம்பரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது தொழில்நுட்பக் கல்வியை வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக்கப்பட்டது. திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் துணைவேந்தரானார். திருவனந்தபுரம் பொறியியற் கல்லூரி 1939இல் தோன்றியது. ஆனால் படித்த இளைஞர் தொழிற்களத்துக்கு வந்து சேர்ந்தது கல்லூரி வழியாக அன்று, பேருந்து வழியாகவே.

பேருந்தும் பட்டதாரியும்

தம்பானூருக்கு இருப்புப்பாதை வந்தது 1931 நவம்பர் 4ஆம் நாள். அதற்குமுன் 1918 முதல் சாக்கையே கடைசி நிலையமாக இருந்தது. தம்பானூரோடு பாதை முடிந்துவிட்டது. நாகர்கோவிலுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே தமிழர் மிகுந்த தென்வட்டங்களுக்குத் தலைநகரிலிருந்து சாலையே வழி.

அச்சாலையில் அரசே பேருந்து இயக்க முடிவுசெய்து, இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டரை 1937 செப்டம்பரில் மேற்பார்வையாளராக அமர்த்தியது. கோமர் நிறுவனத்தின் 60 அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. பெர்கின்சு டீசல் பொறிகள் பொருத்தப்பட்ட அவற்றின்மேல் கூடு கட்டும் வேலை முழுவதும் துறையின் சொந்தப் பணிமனையில், சால்ட்டரின் மேற்பார்வையில், உள்ளூர்ப் பணியாளராலேயே செய்யப்பட்டது. வண்டி ஒன்றுக்கு 23 இருக்கைகள். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாளும் அரச குடும்பத்தாரும் முதல் வண்டியில் ஏற, சால்ட்டரே அதனை ஓட்டினார். பின்னால் 33 பேருந்துகள் அணிவகுத்தன. மறுநாள் திருவனந்தபுரம் கன்னியாகுமரித் தடத்தில் பொதுமக்களுக்கான ஓட்டம் தொடங்கியது.

இத்தொடக்கத்தில் இரு வேறு கல்விகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. தச்சும் கொல்லும் அறிந்த கைகள் பணிமனையில் புதிய தொழில் ஒன்றைக் கற்றன. மாட்டுவண்டிச் சட்டத்தைச் செதுக்கிய உளிக்கும் பேருந்துக் கூட்டின் மரச்சட்டத்தைச் செதுக்கும் உளிக்கும் வேறுபாடு சிறிது. அளவும் வரைபடமுமே புதியவை. பயிற்சிக்கெனத் தனிப் பள்ளி இல்லை. கட்டவேண்டிய வண்டி முன்னால் நின்றது, ஓடவேண்டிய நாளும் குறிக்கப்பட்டிருந்தது. பாடத்திட்டம் என்பது அவ்வளவே.

மற்றொரு பக்கம், ஆய்வாளராகவும் நடத்துநராகவும் பணியாற்ற நூறு பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். விண்ணப்பித்தோர் அதனைப்போல் பன்மடங்கு. தோள்பையும் பயணச்சீட்டுக் கட்டும் ஏந்திப் பேருந்தில் நின்று பணிபுரிய அக்காலப் பட்டதாரி முன்வந்ததை வேலையின்மையின் கொடுமை என்று மட்டும் படிப்பது எளிது. அது உண்மையும்கூட. ஆயினும் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. கணக்கு, காலக்கணிப்பு, இரு மொழிகளில் மக்களோடு பேசும் ஆற்றல் ஆகியவை வேண்டிய அவ்வேலை எழுத்தறிவைத் தெருவுக்குக் கொணர்ந்தது. திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும் பாறசாலையைத் தாண்டியபின் தமிழிலும் நடத்துநர் பேசவேண்டியிருந்தது. சீருடையும் மாதச் சம்பளமும் அரசு முத்திரையும் சேர்ந்தபோது உடலுழைப்பு கலந்த ஒரு வேலை மதிப்புடையதாயிற்று. வார்தாவில் பேசப்பட்ட உழைப்பின் மதிப்பைத் தம்பானூர்ச் சாலையில் சம்பளப் பட்டியல் ஓரளவு நிறைவேற்றியது எனக் கூறின் அது மிகையாகாது.

அந்த நூற்றுவருள் அய்யங்காளி விரும்பிய பத்தில் ஒருவரேனும் இருந்திருக்கும் வாய்ப்பு மிக அரிது. 1935இல் அரசுப்பணி ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டு வகுப்புவாரி இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்திருந்தும், பட்டம் வரை படிக்கும் வாய்ப்பே புலையர் பிள்ளைகளுக்கு அப்போதுதான் அரும்பியிருந்தது. 1941 சூனில் அய்யங்காளி மறைந்தார்.

குலத்தொழில் என்னும் நிழல்

1953இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம் இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. ஊர்ப்புறப் பள்ளிகளில் பாடநேரம் பாதியாகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கவேண்டும் என்றது அத்திட்டம். பெரியார் இதனைக் குலக்கல்வி எனச் சாடினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே அதனைக் கைவிட்டார். நாகர்கோவில் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தமையால் இத்திட்டம் அங்கு எட்டவில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் அது தமிழகத்தோடு இணைந்தபோது திட்டமும் இல்லை.

ரேந்தை பின்னிய சிறுமியையும் 1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் சிறுவனையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முன்னவள் தாய் செய்யாத தொழிலைக் கற்றாள். பின்னவன் தந்தை செய்ததையே செய்யப் பணிக்கப்பட்டான். இருவரும் கற்றது கைத்தொழிலே. அது எங்கே கொண்டுசேர்க்கும் என்பதே வேறு. 2023இல் நடுவண் அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குடும்பவழித் தொழிலாக இருக்கவேண்டும் என்னும் விதியைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்து, அவ்விதி இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியதும் இப்பின்னணியில் வைத்து எண்ணத்தக்கது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒரு வரி அதே அச்சத்தைக் கிளப்ப முடிகிறது.

பிற்காலம்

இந்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இலும் பயிற்சியாளர் சட்டம் 1961இலும் வந்தன. கோத்தாரிக் குழு 1964-66இல் மேனிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்கப் பரிந்துரைத்தது. கேரளம் 1983-84இல் தொழில்சார் மேனிலைக் கல்வியைச் சில பள்ளிகளில் தொடங்கியது. 2012இல் கூடுதல் திறன் பெறும் திட்டத்தை ஏற்படுத்தியது. இவற்றின் விரிவு தனி ஆய்வுக்குரியது. பெரும்பாலான பெற்றோர்க்கு இவை பொறியியற் கல்லூரி கிட்டாதபோது நாடும் இரண்டாம் வழிகளாகவே இருந்தன என்பதை மட்டும் இங்குச் சுட்டலாம்.

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகில் செங்கல்லால் சுருள்வடிவில் எழுந்து நிற்கும் இந்தியன் காஃபி ஹவுஸ் கட்டடம் லாரி பேக்கர் வடிவமைத்தது. வளைந்தேறும் அச்சுவரைக் கட்டிய கொத்தனார்கள் அதனை எந்தப் பயிற்சி நிலையத்திலும் கற்றிருக்க வழியில்லை. களத்தில் நின்று கொத்தனாரோடு பேசி வேலை வாங்குவதே பேக்கரின் முறை. எதிரிலுள்ள தொடர்வண்டி நிலையத்தில் அசாம், வங்கத் தொழிலாளர் வந்திறங்குகின்றனர். 2013இல் வெளியான ஓர் ஆய்வு கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 25 இலட்சம் என மதிப்பிட்டது. கேரள இளைஞர் வளைகுடாவுக்குச் சென்றதால் எழுந்த வெற்றிடத்தை முதலில் தமிழகத் தொழிலாளரும் பின்னர் வடகிழக்கினரும் நிரப்பினர். 1938இல் பட்டதாரியை நடத்துநராக்க அரசு விரும்பி அழைத்தது. பிற்காலத்திலோ கடைநிலை ஊழியர் தேர்வுக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாதெனக் கேரளத் தேர்வாணையம் விதி வகுக்க நேர்ந்தது.

தம்பானூரிலிருந்து தெற்கே பேருந்தேறினால் ஒரு மணி நேரத்திற்குள் வெங்ஙானூரை அடையலாம். அதனை அடுத்த விழிஞ்ஞத்தில் பன்னாட்டுத் துறைமுகம் 2024 திசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கியது. கொள்கலன் தளத்தின் பாரந்தூக்கிகள் அங்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கணினித் திரையைப் பார்த்து இயக்கப்படுகின்றன. அவற்றை இயக்கப் பயிற்சி பெற்றோரில் உள்ளூர்ப் பெண்கள் பலர். மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தோர் அவர்களுள் உளர். பட்டம் பெற்றோரும் உளர்.